நள்ளிரவு வைத்தியரும் நாலாக மடித்த தாளும்

விறைப்புக் குறைபாட்டைப் பற்றி ஒரு சராசரி தமிழ் ஆம்பளை எங்கே படிக்கிறான், எங்கே கேட்கிறான்? யோசித்துப் பார்த்தால் மூன்றே இடம்தான். ஒன்று, சுவரொட்டியும் அதன் தம்பியான நள்ளிரவு டிவி நிகழ்ச்சியும். இரண்டாவது சினிமா. மூன்றாவது, மாத்திரைப் பெட்டிக்குள் நாலாக மடித்து வைத்திருக்கும் அந்த மெல்லிசான தாள். முதலாவதை எல்லோரும் பார்க்கிறார்கள். இரண்டாவதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். மூன்றாவதை யாரும் படிப்பதில்லை. இந்தக் குறிப்பில் மூன்றையும் ஒரு இலக்கிய உரையைப் படிப்பது போலப் படித்துப் பார்க்கப் போகிறேன். யார் யாரிடம் பேசுகிறார்கள், எதைச் சொல்கிறார்கள், எதைச் சொல்லாமல் விடுகிறார்கள் என்பதுதான் கேள்வி.

நான் டாக்டர் இல்லை, சாஃப்ட்வேர் ஆள். இருபது வருஷமாக மற்றவர்கள் எழுதிய கையேடுகளைப் படித்துக் காலம் தள்ளுகிறவன். அந்தக் கண்ணோடுதான் இதையும் படிக்கிறேன். இதில் வரும் மருந்து விவரம் எதுவும் டாக்டரின் சீட்டுக்கு மாற்று ஆகாது.

முதலில் சொல்லிலிருந்தே ஆரம்பிக்கலாம்.

தமிழில் இதற்குப் புழக்கத்தில் உள்ள பெயர் 'ஆண்மைக்குறைவு'. சர்க்கரை வந்தால் 'சர்க்கரை நோய்' என்கிறோம், பார்வை மங்கினால் 'கண்புரை' என்கிறோம். இரண்டிலும் ஆள் அப்படியேதான் இருக்கிறார், உறுப்பில்தான் கோளாறு. இங்கே மட்டும் ரத்தக் குழாயில் வரும் கோளாறுக்கு ஆளின் ஆண்மையையே குறைத்துப் பெயர் வைத்துவிட்டோம். போதாததற்கு பிள்ளைப்பேறு இன்மையையும் இதையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறோம். விறைப்பு நன்றாக இருப்பவருக்கு விந்தணு குறைவாக இருக்கலாம், விறைப்பு இல்லாதவருக்கு விந்தணு நிறையவே இருக்கலாம். இரண்டும் வேறு வேறு விஷயம். ஆங்கிலத்திலும் பழைய சொல் இப்படித்தான் ஆளைத் தாழ்த்துவதாக இருந்தது. 1992-இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய நிபுணர் மாநாடு அதைக் கைவிட்டு, கோளாறை மட்டும் குறிக்கும் சொல்லைப் பரிந்துரைத்தது. தமிழில் 'விறைப்புக் குறைபாடு' என்ற நல்ல சொல் இருக்கிறது. டாக்டர்கள் எழுதும் கட்டுரைகளில் வருகிறது, சுவரில் வருவதில்லை. ஏன் வராது என்பதைக் கீழே பார்ப்போம்.

சுவர்

வடலூரிலிருந்து மந்தாரக்குப்பம் வரை பஸ்ஸில் போனால் போதும். பாலத்தின் தூண், டிரான்ஸ்ஃபார்மர் கம்பம், கட்டணக் கழிப்பறைக் கதவு என எங்காவது ஒரு நோட்டீஸ் கண்ணில் படும். ஊர் மாறும், லாட்ஜ் பெயர் மாறும், தேதி மாறும், உரை மட்டும் மாறாது. அந்த உரையின் கட்டமைப்பைக் கவனித்தால் அது சாதாரண ஆள் எழுதியது இல்லை என்று தெரியும். நல்ல கைதேர்ந்த எழுத்து.

முதல் வரி எப்போதும் கடந்த காலம். சிறு வயதில் தெரியாமல் செய்த தவறு, கெட்ட பழக்கம் என்று ஆரம்பிக்கும். அதாவது, உங்களுக்கு வந்திருப்பது நோய் இல்லை, தண்டனை. இரண்டாவது வரி, நரம்புத் தளர்ச்சி. இந்தச் சொல்லுக்கு மருத்துவத்தில் இந்த அர்த்தத்தில் இடமே இல்லை, ஆனால் கேட்டவுடன் உடம்பு தளர்ந்துபோகிற மாதிரி இருக்கும். மூன்றாவது வரியில் விந்து வீணாவது பற்றிய பயம். நாலாவது வரியில் இழந்ததை மீட்டுத் தரும் வாக்குறுதி. கடைசியில் ரகசியம் காக்கப்படும்.

இந்த ஐந்து வரியில் இல்லாதது என்ன என்று பாருங்கள். மருந்தின் பெயர் இல்லை. விலை இல்லை. சர்க்கரை இருக்கிறதா, பிரஷர் இருக்கிறதா, நெஞ்சு வலி வந்ததுண்டா என்ற கேள்வி இல்லை. யாருக்கு இந்த மருந்து கூடாது என்ற வரி இல்லவே இல்லை. நள்ளிரவு டிவியில் இதே உரை ஒரு மணி நேரமாக நீளும், அவ்வளவுதான். ஒருவர் போன் செய்து அழுவார், வைத்தியர் அதட்டுவார், பிறகு அணைப்பார். குற்றவாளி, நீதிபதி, மன்னிப்பு என்று ஒரு கோர்ட்டே நடக்கும். உடல் பரிசோதனை மட்டும் நடக்காது.

விந்து நஷ்டத்தால் உடம்பு நலிகிறது என்ற இந்தப் பயத்துக்கு மனநல மருத்துவத்தில் தனியாக ஒரு பெயரே உண்டு. 1960-இல் இந்திய மனநல மருத்துவர் என். என். விக் இதை 'தாத் சிண்ட்ரோம்' என்று பெயரிட்டு எழுதினார். அதாவது டாக்டர்கள் எதை நோய் என்று வகைப்படுத்தினார்களோ, அதையே சுவரொட்டி காரணம் என்று சொல்லி விற்கிறது. பயத்தைப் பரப்பிவிட்டு, அந்தப் பயத்துக்கே மருந்தும் கொடுக்கிறது. பதற்றத்தால் வருகிற விறைப்புக் குறைபாடும் உண்டு என்பதால், நோட்டீஸைப் படித்தே சிலருக்குப் பிரச்சினை ஆரம்பிக்கலாம்.

இதெல்லாம் சட்டப்படி சரியா? இல்லை. 1954-இன் மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டத்தின் 3-வது பிரிவு, பாலியல் இன்பத் திறனைக் காக்கவோ கூட்டவோ ஒரு மருந்து உதவும் என்று பொதுமக்களுக்கு விளம்பரம் செய்வதையே தடை செய்கிறது. முதல் முறை என்றால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். மருந்து விதிகளின் 'ஜே' அட்டவணையிலும், குணப்படுத்துவதாக உரிமை கோரக் கூடாத நோய்களின் வரிசையில் இது இருக்கிறது.

இந்தச் சட்டத்தால் வேடிக்கையான ஒரு விளைவு. பரிசோதிக்கப்பட்ட உண்மையான மருந்தைத் தயாரிக்கும் கம்பெனியும் இதே சட்டத்துக்குக் கட்டுப்பட்டு வாயை மூடிக்கொண்டிருக்கிறது. சட்டத்தை மதிக்காதவர் சுவர் முழுக்கப் பேசுகிறார். ஆகவே தமிழ்ப் பொதுவெளியில் இந்த விஷயத்தில் கேட்பது ஒரே குரல், அது பொய் சொல்கிற குரல். பொய்யரைத் தடுக்கப் போட்ட சட்டம், அமல்படுத்தப்படாத இடத்தில், பொய்யருக்கே தனியுரிமை கொடுத்த மாதிரி ஆகிவிட்டது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இது சித்த மருத்துவத்தைப் பற்றிய விமர்சனம் இல்லை. ஐந்தரை வருஷம் பி.எஸ்.எம்.எஸ். படித்து, பதிவு எண்ணோடு உட்கார்ந்திருப்பவர் வேறு. மாதம் ஒரு தேதி லாட்ஜில் அறை எடுப்பவர் வேறு. இரண்டாமவரால் அதிகம் பெயர் கெடுவது முதலாமவருக்குத்தான்.

'மூலிகைதானே, என்ன செய்துவிடும்?' என்பவர்களுக்கு ஒரு சம்பவம். 2008-இல் சிங்கப்பூரில், முதல் ஐந்து மாதத்துக்குள், சர்க்கரை நோய் இல்லாத 150 பேர் ரத்தச் சர்க்கரை பயங்கரமாக இறங்கிப்போய் அரசு மருத்துவமனைகளில் சேர்ந்தார்கள். ஏறக்குறைய எல்லோரும் ஆண்கள். விசாரித்தால், பாலியல் சக்திக்கு என்று விற்ற சட்டவிரோத மாத்திரைகள். சிலவற்றின் மேல் மூலிகை என்று எழுதியிருந்தது. உள்ளே சில்டெனாஃபில் இருந்தது, அதோடு கிளிபென்கிளமைடு என்ற சர்க்கரை மருந்தும் அதிக அளவில் கலந்திருந்தது. ஏழு பேர் கோமாவுக்குப் போனார்கள், நாலு பேர் இறந்தார்கள். சட்டைப் பாக்கெட்டில் வைத்து ரகசியமாக விழுங்கியதை டாக்டரிடம் எத்தனை பேர் உடனே சொல்லியிருப்பார்கள்?

திரை

தமிழ் சினிமா இதைத் தொட்டதே இல்லை என்று சொல்ல முடியாது. 2013-இல் ஆர். எஸ். பிரசன்னா இயக்கிய 'கல்யாண சமையல் சாதம்' இந்த விஷயத்தை நடுவில் வைத்த படம். பிரசன்னாவும் லேகா வாஷிங்டனும் நடித்தது. கல்யாணம் நிச்சயமான மாப்பிள்ளைக்கு மன அழுத்தத்தால் இந்தச் சிக்கல். அதைப் பெண்ணிடம் மறைக்காமல் இருவரும் சேர்ந்து எதிர்கொள்கிறார்கள். இங்கே ஓரளவுதான் பேசப்பட்டது. இதையே அவர் இந்தியில் 2017-இல் 'சுப் மங்கல் சாவ்தான்' என்று எடுத்தபோது வடக்கே நன்றாக ஓடியது. அதில் ஹீரோ தன் நிலையைச் சொல்ல வாயில் வார்த்தை வராமல், டீயில் பிஸ்கட்டை நனைத்துக் காட்டுவார். 'ஜென்ட்ஸ் ப்ராப்ளம்' என்பார்கள். சிரிப்பு வரும், ஆனால் கவனியுங்கள், சொல் கிடைக்காமல்தான் பிஸ்கட் வந்தது.

இந்தப் படத்தை நான் மதிக்கிறேன். குற்றவுணர்ச்சி இல்லாத முதல் உரை இது. ஹீரோவைக் கேவலப்படுத்தவில்லை. ஒரு குறை உண்டு. இளைஞன், கல்யாணப் பதற்றம், ஆகவே மனசு சரியானால் எல்லாம் சரி என்கிற சட்டகம். இருபதுகளில் இருப்பவருக்கு இது பல சமயம் உண்மைதான். ஐம்பது வயதில், பத்து வருஷமாகச் சர்க்கரையோடு இருப்பவருக்கு இது பொருந்தாது. அவருக்கு மனசு சரியாகத்தான் இருக்கிறது, குழாய்தான் அடைத்துக்கொண்டிருக்கிறது. காதலால் அடைப்பு நீங்காது. அந்த ஐம்பது வயதுக்காரருக்குத் தமிழில் இன்னும் படம் வரவில்லை.

வந்தது 'பெருசு'. 2025 மார்ச்சில் வெளியானது. இளங்கோ ராம் தன்னுடைய சிங்களப் படமான 'டென்டிகோ'வைத் தமிழில் மறுபடி எடுத்தார். ஊரில் மரியாதையான பெரியவர் இறந்துபோகிறார், உடல் விறைத்த நிலையிலேயே இருக்கிறது. துக்கத்துக்கு ஊர் திரண்டு வருவதற்குள் அதை எப்படி மறைப்பது என்பதுதான் கதை. நகைச்சுவையாக அது வேலை செய்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். வேலை செய்யும் காரணமும் தெளிவு. குடும்பத்தில் யாருக்கும் அதைச் சொல்ல ஒரு சொல் கிடையாது. ஜாடை, செருமல், போர்வை. அவ்வளவுதான் நம் மொழி.

ஆனால் மறைத்தல் என்பதைப் படம் நகைச்சுவையின் இயந்திரமாக மட்டும் வைத்துக்கொள்கிறது. செத்த பிறகு மறைப்பது சிரிப்பு. உயிரோடு இருக்கும்போது மறைப்பதுதான் ஆளைக் கொல்லக்கூடியது. அந்தப் பெரியவர் பேசவே முடியாத இடத்தில் கதை ஆரம்பிக்கிறது என்பதுதான் எனக்கு உறுத்தியது. அவர் வயதில் உள்ளவர்கள் வாய் திறந்து பேசும் ஒரு காட்சி நம் சினிமாவில் இன்னும் பாக்கி.

டிவியில் ஒரே ஒரு விதிவிலக்கு. விஜய் டிவியில் மனநல மருத்துவர் மாத்ருபூதம் நடத்திய 'புதிரா புனிதமா'. நாடகம் இல்லை, மிரட்டல் இல்லை, விற்பனையும் இல்லை. ஒரு டாக்டர் நேராகத் தமிழில் பேசினார். இன்று அந்த நேரத்தை லாட்ஜ் பாணி வைத்தியர்கள் காசு கொடுத்து வாங்கிவிட்டார்கள். இதைத்தான் நம் காட்சி ஊடகத்தின் சரிவு என்று நினைக்கிறேன்.

தாள்

கடைசியில் அந்த நாலாக மடித்த தாள். மூன்று உரைகளில் உண்மை மட்டும் பேசுவது இது ஒன்றுதான். மோசமாக எழுதப்பட்டதும் இதுதான். எறும்பு எழுத்து, முழுக்க ஆங்கிலம், டாக்டருக்காக எழுதியது. விழுங்குபவருக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி இருக்கும்.

இதன் பின்னணி சுவாரசியமானது. சில்டெனாஃபில் என்ற வேதிப்பொருளை ஃபைசர் கம்பெனி இங்கிலாந்தின் சாண்ட்விச் ஊரில் இருந்த ஆய்வகத்தில் இதய வலிக்காகத்தான் உருவாக்கியது. நெஞ்சு வலிக்குப் பெரிதாக உதவவில்லை. சோதனைக்கு வந்த ஆண்கள் சொன்ன 'பக்க விளைவு' வேறு கதையாகிவிட்டது. 1998 மார்ச் 27 அன்று அமெரிக்காவில் வயாகராவாக அனுமதி கிடைத்தது. 2003-இல் வார்டெனாஃபிலும் டடாலஃபிலும் வந்தன.

இந்தியாவில் மருந்துகளுக்குப் பொருள் காப்புரிமை 2005 ஜனவரி 1 முதல்தான். அதற்கு முன் செய்முறைக்கு மட்டுமே காப்புரிமை. ஆகவே 2001-இலேயே ரான்பாக்ஸியின் கவெர்ட்டா, ஜைடஸ் காடிலாவின் பெனெக்ரா என்று நம் கம்பெனிகள் வரிசை கட்டி வந்துவிட்டன. ஃபைசரின் அசல் வயாகரா இங்கே முறையாகக் கடைக்கு வந்தது அதற்குச் சில வருஷம் கழித்துத்தான். அமெரிக்கர்களுக்கு மலிவான பொதுப்பெயர் மாத்திரை கிடைக்க 2017 டிசம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இந்த ஒரு விஷயத்தில் நெய்வேலிக்காரன் நியூயார்க்காரனை விடப் பதினாறு வருஷம் முன்னால்.

இப்போது விலை. கம்பெனிப் பெயரில் வரும் 50 மி.கி. சில்டெனாஃபில் ஒரு மாத்திரை பெரும்பாலும் சில பத்து ரூபாய்தான். ஜன் ஔஷதி கடையில் பொதுப்பெயரில் கேட்டால் அதைவிடக் கணிசமாகக் குறைவு. லாட்ஜில் 'ஒரு மண்டலத்துக்கு' என்று ஆயிரக்கணக்கில் கறப்பதோடு இதை வைத்துப் பாருங்கள். மலிவான மருந்து நம்மிடம் இல்லாமல் இல்லை. மலிவான வெட்கம்தான் இல்லை. அந்த வெட்கத்துக்குத்தான் லாட்ஜில் பில் போடுகிறார்கள்.

சரி, அந்தத் தாள் சொல்வதைத் தமிழில், வீட்டு வார்த்தையில் எழுதினால் எப்படி இருக்கும்?

இந்த மாத்திரை ஆசையை உண்டாக்காது. ஆசை வந்தால் உடம்பு வெளியிடும் நைட்ரிக் ஆக்சைடு ரத்தக் குழாயை விரிக்கும் ஒரு செய்தியை அனுப்புகிறது. பி.டி.இ.-5 என்ற நொதி அந்தச் செய்தியைச் சீக்கிரம் அழித்துவிடுகிறது. மாத்திரை அந்த நொதியைத் தடுக்கிறது, அவ்வளவுதான். ஆசையே இல்லாமல் விழுங்கிவிட்டுக் கூரையைப் பார்த்துப் படுத்திருந்தால் ஒன்றும் நடக்காது.

சில்டெனாஃபிலை ஒரு மணி நேரம் முன்னால் போட வேண்டும். நாலு மணி நேரம் அளவுக்குப் பலன் இருக்கும். பிரியாணி சாப்பிட்டுவிட்டுப் போட்டால் கொழுப்பினால் வேலை செய்யத் தாமதமாகும். டடாலஃபில் நிதானமானது, 36 மணி நேரம் வரை நிற்கும், சாப்பாடு பாதிக்காது. வழக்கமாக ஆரம்பம் சில்டெனாஃபில் 50 மி.கி. 65 வயதுக்கு மேல் என்றாலோ, ஈரல் அல்லது கிட்னி கோளாறு இருந்தாலோ 25-இல் ஆரம்பிப்பது வழக்கம். ஒரு நாளைக்கு ஒரு தடவைக்கு மேல் கூடாது. முதல் தடவை பலிக்கவில்லை என்றவுடன் தானாக இரட்டிப்பாக்குவதும் கூடாது. இரட்டிப்பு அளவால் பலன் இரட்டிப்பாகாது, தலைவலிதான் கூடும். சில தடவை சரியான முறையில் போட்டுப் பார்த்த பிறகே அளவைப் பற்றி டாக்டரிடம் பேச வேண்டும்.

தலைவலி, முகம் சிவத்தல், மூக்கடைப்பு, நெஞ்செரிச்சல், சிலருக்குப் பார்வையில் நீல நிறச் சாயல் வரலாம், போய்விடும். விறைப்பு நாலு மணி நேரத்துக்கு மேல் இறங்காவிட்டாலோ, திடீரென்று கண் தெரியாமலோ காது கேட்காமலோ போனாலோ கூச்சப்படாமல் உடனே ஆஸ்பத்திரி.

இனி வருவதுதான் இந்தத் தாளின் உயிர் வரி. 'ஆர்கானிக் நைட்ரேட்டுகளுடன் கூடாது' என்று ஆங்கிலத்தில் போட்டிருக்கும். தமிழ்நாட்டில் எந்த அப்பாவுக்குத் தான் சாப்பிடுவது ஆர்கானிக் நைட்ரேட் என்று தெரியும்? அவருக்கு அது 'நெஞ்சு வலித்தா நாக்குக்கு அடியில வைக்கிற மாத்திரை'. சார்பிட்ரேட். அந்த மாத்திரையும் நைட்ரிக் ஆக்சைடு வழியாகத்தான் குழாயை விரிக்கிறது. ஒன்று செய்தியைக் கூட்டும், இன்னொன்று அழியாமல் வைக்கும். இரண்டும் சேர்ந்தால் பிரஷர் பாதாளத்துக்குப் போகும், உயிரே போகலாம். நிக்கோராண்டில் என்ற இதய மாத்திரைக்கும் இதே தடை. புராஸ்டேட்டுக்குக் கொடுக்கும் டாம்சுலோசின் போன்றவை எடுத்தால் டாக்டர் அளவைப் பார்த்துத்தான் தர வேண்டும்.

இதன் மறுபக்கம் இன்னும் முக்கியம், தாளில் அது புதைந்து கிடக்கிறது. ராத்திரி இந்த மாத்திரையைப் போட்டவருக்கு விடியற்காலை நெஞ்சு வலி வந்தால், வீட்டில் பதறிப்போய் நாக்குக்கு அடியில் சார்பிட்ரேட் வைப்பார்கள். நல்ல எண்ணத்தில்தான். சில்டெனாஃபில் போட்டு 24 மணி நேரத்துக்குள், டடாலஃபில் போட்டு 48 மணி நேரத்துக்குள் நைட்ரேட் கூடாது. ஆம்புலன்ஸில் வருபவரிடமும் டாக்டரிடமும் அந்த ஒரு வரியைச் சொன்னால் வேறு சிகிச்சை தருவார்கள். சொல்ல வேண்டியவர் மயங்கிக் கிடக்கலாம். ஆகவே மனைவிக்குத் தெரிந்திருக்க வேண்டும். இந்த மாத்திரையை மனைவிக்குத் தெரியாமல் போடுவது ரகசியம் இல்லை, ஆபத்து.

'மாத்திரை போட்டா ஹார்ட் நின்னுடும்' என்று டீக்கடையில் சொல்வார்கள். நைட்ரேட் எடுக்காத, உடல்நிலை சீராக உள்ளவர்களிடம் இந்த மருந்து மாரடைப்பைக் கூட்டுவதாக ஆய்வுகள் காட்டவில்லை. டீக்கடை பயப்பட வேண்டிய இடத்தில் பயப்படாமல், வேண்டாத இடத்தில் பயப்படுகிறது.

கவுண்டர்

இந்த மருந்து 'ஹெச்' அட்டவணையில் உள்ளது. சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. நடைமுறையில் என்ன நடக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். சைகை, காகிதத்தில் சுற்றிய இரண்டு மாத்திரை, பில் கிடையாது. பில் இல்லை என்றால் பேட்ச் எண் இல்லை, தாளும் இல்லை. சில சமயம் கையில் வருவது டப்பாக்ஸிடின் என்ற இன்னொரு மருந்து சேர்ந்த கூட்டு மாத்திரையாக இருக்கும். அது விந்து முந்துதலுக்கான மருந்து, தலைசுற்றி மயக்கம் வரலாம், மனச்சோர்வு மாத்திரை சாப்பிடுபவருக்குக் கூடவே கூடாது. கேட்டது ஒன்று, விழுங்கியது இரண்டு.

பிரிட்டனில் 2018 முதல் 50 மி.கி. சில்டெனாஃபில் சீட்டு இல்லாமலே கிடைக்கிறது. ஆனால் கொடுக்கும் முன் மருந்தாளுநர் இதயம், பிரஷர், வேறு மாத்திரைகள் பற்றிக் கேட்பார். அங்கே சீட்டு இல்லை, கேள்வி உண்டு. இங்கே சட்டத்தில் சீட்டு உண்டு, கவுண்டரில் கேள்வியே இல்லை.

எங்கள் டவுன்ஷிப் மாதிரி ஊர்களில் கஷ்டம் எனக்குப் புரிகிறது. ஒரே கம்பெனி, வட்டம் வட்டமாக வீடுகள், கவுண்டரில் நிற்பவர் பையனும் நம்ம பையனும் ஒரே ஸ்கூல். கடலூருக்கோ பாண்டிச்சேரிக்கோ பஸ் ஏறிப் போய் வாங்குபவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் எந்த ஊரில் வாங்கினாலும் நாலு விஷயம் இருக்கட்டும். பதிவு எண் உள்ள டாக்டரின் சீட்டு, பில், பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் தெரிகிற முழு அட்டை, பெட்டிக்குள் அந்தத் தாள். கூச்சமாக இருந்தால் 2020-க்குப் பிறகு வீடியோ ஆலோசனைக்கும் முறையான வழிகாட்டு நெறிகள் இருக்கின்றன. அதிலும் சீட்டில் டாக்டரின் பதிவு எண் இருக்க வேண்டும்.

டாக்டரிடம் ஏன் போக வேண்டும், மாத்திரைதான் மலிவாயிற்றே என்று கேட்கலாம். இதற்கு எங்கள் ஊர்ச் சுரங்கத்தில் ஒரு உதாரணம் இருக்கிறது. நெய்வேலியில் நிலக்கரிப் படுகைக்குக் கீழே அழுத்தத்தில் நிற்கும் நீர்த்தளம் உண்டு. அந்த அழுத்தத்தைப் பம்பு வைத்து இறக்காவிட்டால் சுரங்கத்தின் தரையே பெயர்ந்துவிடும். கீழே என்ன நடக்கிறது என்று நேரில் பார்க்க முடியாது. ஆகவே கண்காணிப்புக் கிணறுகள் போட்டு அளவு பார்க்கிறார்கள். கிணறு சின்னது, அது சொல்லும் சேதி பெரியது. ஆணுறுப்பின் ரத்தக் குழாய் 1 முதல் 2 மில்லிமீட்டர்தான். இதயத்தின் குழாய் 3 முதல் 4. இரண்டிலும் ஒரே அழுக்குதான் படிகிறது. சின்னக் குழாய் முதலில் அடைபடும். அதனால்தான் விறைப்புக் குறைபாடு வந்து சில வருஷங்களில் பலருக்கு இதய நோய் தெரியவருகிறது. கண்காணிப்புக் கிணற்றில் அளவு மாறினால் கிணற்றை மட்டும் சரி செய்துவிட்டு யாரும் வீட்டுக்குப் போவதில்லை.

சீட்டோடு டாக்டர் எழுதித் தர வேண்டியது சர்க்கரை, கொழுப்பு, பிரஷர், தேவைப்பட்டால் காலையில் டெஸ்டோஸ்டிரோன் பரிசோதனை. இந்தியாவில் 10.1 கோடி பேருக்குச் சர்க்கரை என்று 2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு சொல்கிறது. அமெரிக்காவில் மாசசூசெட்ஸில் 40 முதல் 70 வயது ஆண்களிடம் நடத்தி 1994-இல் வெளியிட்ட பெரிய ஆய்வில் 52 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு அளவில் இந்தக் குறைபாடு இருந்தது. அதாவது ஷிஃப்ட் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருப்பவருக்கும் இருக்கலாம். சில பிரஷர் மாத்திரைகளும் மனச்சோர்வு மாத்திரைகளும்கூடக் காரணமாக இருக்கலாம். அவற்றைத் தானாக நிறுத்தாமல் டாக்டரிடம் மாற்றச் சொல்லிக் கேட்க வேண்டும். புகையை விடுவதும் நடப்பதும் இலவசம், ஆனால் எந்த உரையும் அதை விற்பதில்லை.

ஆக, மூன்று உரைகளையும் பக்கத்தில் வைத்தால் தெரிவது இது. சுவரொட்டிக்குத் தமிழ் தெரியும், உண்மை தெரியாது. தாளுக்கு உண்மை தெரியும், தமிழ் தெரியாது. சினிமாவுக்கு இரண்டும் ஓரளவு தெரியும், சிரிப்போடு நிறுத்திக்கொள்கிறது. மருந்துக் கம்பெனிகளை ஒரு பக்கமாவது பெரிய எழுத்தில் தமிழில் அச்சிடச் சொல்லி அரசு கட்டாயப்படுத்தலாம். முதல் வரியாக வேண்டியது ஒன்றுதான்: 'நாக்குக்கு அடியில் வைக்கும் நெஞ்சு வலி மாத்திரை வைத்திருக்கிறீர்களா? இதைத் தொடாதீர்கள்.'

அதுவரை, மேலே நான் எழுதியதை யாராவது மருந்தாளுநரோ டாக்டரோ படித்தால், சொற்களில் இன்னும் எளிமையானது இருந்தால் சொல்லுங்கள். ஒரு பக்கமாகச் சுருக்கி, அச்சிட்டு ஒட்டுகிற மாதிரி செய்யலாம் என்று இருக்கிறேன். சுவரில் இடமா இல்லை?